படப்புத்தகத்தில் ‘நாம்’ யார்?

(கட்சி உறுப்பினர் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



மும்பையில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றும் தமிழ்த் தோழர் ஒருவர், இரவுப்பணி இல்லாத நாட்களில் தம் ஆறு வயது மகளுக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறார். பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பயிலும் அக்குழந்தைக்குத் தமிழ் எழுத்துடன் உள்ள உறவு பெரும்பாலும் அந்த அரைமணி நேரமே. அவர் விரும்பும் நூல்களும் வெறுக்கும் நூல்களும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

அவர் அறவே வெறுப்பது, ‘நமக்கு உதவுவோர்’ வகையைச் சேர்ந்த வழவழப்பான புத்தகம். பக்கத்திற்கொரு தொழிலாளி: தபால்காரர், துப்புரவுத் தொழிலாளர், செருப்புத் தைப்பவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். எவருக்கும் பெயரில்லை, வீடில்லை, பிள்ளைகள் இல்லை. உதவி பெறும் ‘நாம்’ யார்? நாளிதழ் வாசிக்கும் தகப்பனும் அடுப்படியில் நிற்கும் தாயும் கொண்ட குடும்பம். தண்டவாளத்தில் உழைப்பவரின் மகளுக்கு அந்த ‘நாம்’ என்பதில் இடமில்லை. உழைப்பு உதவியாகச் சுருக்கப்படும்போது கூலி என்னும் பேச்சே எழுவதில்லை. ஆயினும் மகளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் புத்தகம்தான்! மறுக்க மனமின்றி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பெயர் சூட்டி அவர் வாசித்து வருகிறார்.

முற்போக்கு நோக்குடன் வெளிவரும் நூல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதல் பக்கத்தில் ஏழை, இரண்டாவதில் அநீதி, மூன்றாவதில் முழக்கம். முழக்கம் வருவதற்குள் குழந்தை உறங்கிவிடுகிறது. இக்குற்றச்சாட்டு மறுக்கத்தக்கதன்று.

அவர் விரும்புவது, சோவியத் வெளியீடாகத் தமிழில் குறைந்த விலைக்கு வந்த அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. படங்கள் இடையிட்ட கதைநூல் அது. அதில் வரும் சிறுவன் முதலில் இரவுக் காவலாளியாக விரும்புகிறான். ஊரே உறங்கும்போது விழித்திருப்பவர் அவரல்லவா? பின்னர் ஐஸ்கிரீம் விற்பவராக, அதன்பின் ரயில் பெட்டிகளை இணைக்கும் தொழிலாளியாக விரும்புகிறான். ஒரு கட்டத்தில் நாயாகவே ஆகிவிடத் துணிகிறான். இங்கே தொழிலாளி எவருடைய உதவியாளரும் அல்லர், பொறாமைப்படத் தக்கவர். பெட்டி இணைக்கும் பக்கம் வந்ததும் மகள் தகப்பனின் கைகளைப் பார்ப்பாளாம். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின் அத்தகைய நூல்களின் வரத்து நின்றுபோயிற்று. அவரிடம் உள்ள பிரதியும் அட்டை கிழிந்ததே.

மற்றொன்று, ஜை விட்டேகர் எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட காளியின் கதை. காளி இருளர் சிறுவன். தந்தை பாம்பு பிடிப்பவர். வறுத்த ஈசல் உண்ணும் அவனிடமிருந்து வகுப்புப் பிள்ளைகள் விலகியிருக்கின்றனர். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது; ஆசிரியர் உட்பட அனைவரும் அஞ்சி நடுங்க, காளி அதைப் பிடிக்கிறான். அன்றுமுதல் அவன் அனைவருக்கும் நண்பன். 1978-இல் இருளர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தரும் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்கதை கூடுதலாக ஒளிரும்.

நூலை மூடியதும் மகள் கேட்டாள்: “பாம்பு வரலைன்னா, அவன்கூட யாருமே உட்கார்ந்திருக்க மாட்டாங்களா, அப்பா?”

தகப்பனிடம் விடையில்லை. நல்ல நூல்தான், ஆனால் ஒடுக்கப்பட்டவன் ஒரு சாகசம் செய்து காட்டிய பிறகே அவனுக்கு இடம் கிடைக்கிறது என்பதை, பலமுறை வாசித்தும் அவர் கவனித்ததில்லை. மகளுக்கு அது கதை பற்றிய ஐயம் மட்டுமன்று. அவளுடைய வகுப்பில், துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகள் கடைசி வரிசையில் தனியே அமர்ந்து உண்கிறாள். அச்சிறுமியின் பெயரைத் தகப்பன் கேட்டார். மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மாலை பள்ளிவிட்டு வந்தவள், புத்தகப்பையைக்கூட இறக்காமல் அந்தப் பெயரைச் சொன்னாள்.