மன்னிப்பும் மனஸ்தாபமும்

(கருவேப்பிலங்குறிச்சியில் நம் சங்கக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



மன்னிப்பைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதற்கு யாம் தகுதியுடையோம் அல்லோம். வாய்க்கால் தண்ணீர் காரணமாகப் பங்காளி ஒருவரோடு பிணங்கி, ஆறு வருஷம் அவர் வாசலை மிதியாதிருந்தோம். அவ்வாறு வருஷமும் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தினம் இருவேளை சொல்லியே வந்தோம். பிறர் பிழையை யாம் பொறுப்பதுபோல எம் பிழையையும் பொறுக்கும்படி வேண்டும் அவ்விடம் வருங்கால், நாவு விரைந்து கடந்துவிடும். சர்வேசுரன் அவ்விரைவைக் கவனித்திரார் என எண்ணினோம் போலும்!

இவ்விஷயத்தில் பிரசங்கிமார் பலரும் எடுத்துரைப்பது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரின் சரிதம். ஒரிஸ்ஸாவில், அதாவது இந்நாள் ஒடிசாவில், பாரிபதா என்னும் ஊரிலே குஷ்டரோகிகளுக்கு ஊழியஞ் செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ். அவரும், பத்தும் ஆறும் வயதான அவர் புதல்வர் இருவரும், 1999-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி இரவு மனோகர்ப்பூர் கிராமத்தில் தம் வண்டிக்குள் உறங்குகையில் உயிரோடு கொளுத்தப்பட்டு மாண்டனர். அம்மையார் கொலைஞரை மன்னித்ததாகப் பகிரங்கமாய் உரைத்து, 2004 வரை அங்கேயே தங்கி ஊழியத்தைத் தொடர்ந்தார். அம்மன்னிப்பு நியாயஸ்தலத்தின் கையைக் கட்டவில்லை. முதற் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

அம்மையாரை மெச்சாதார் யார்? ஆயினும் அச்சரிதத்தைக் கொண்டு நாம் செய்வது யாது? அடிபட்டவனிடம் சென்று, ‘அந்த அம்மாளைப் பார், நீயும் மறந்துவிடு’ என்கின்றோம். அடித்தவனிடம் ஒன்றும் சொல்வதில்லை. அர்ச். மத்தேயு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் சேசுநாதர் கற்பித்த ஏற்பாடு வேறு. காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மேல் சகோதரன் குறையுற்றிருப்பது நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாக வேண்டும். இங்கே எழுந்து நடக்க வேண்டியவன் குறையுற்றவன் அல்லன், குறைக்குக் காரணமானவன்.

இதனை உணர ஒரிஸ்ஸாவுக்குப் போகவேண்டுவதில்லை. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர் நமக்குத் தொலைவன்று. அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள், தம் பிரேதங்கள் பெருந்தெருவழியே போகத் தடையென்றும், கோயிலில் சமத்துவமில்லையென்றும் முறையிட்டு, சகாயமாதா கோயிலைத் தமக்குத் தனிப் பங்காக்கித் தரக் கேட்டனர். 2008-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி வன்னியக் கிறிஸ்தவர்க்கும் அவர்க்குமிடையே கலகம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டதில் வன்னியர் இருவர் மாண்டனர். இரு சாராரும் உருட்டியது ஒரே செபமாலை!

சாதியின் பெயரால் கூடிய இச்சபையில் இதனைச் சொல்வது சிலருக்குக் கசக்கும்; கசக்கட்டும். குண்டுக்கு உறவினரைப் பறிகொடுத்த வீட்டாரின் துயரும் துயரே. அவர்க்கும் மன்னிக்க வேண்டியதுண்டு. ஆனால் ‘யாவரும் மறப்போம்’ என்பது மட்டும் போதுமா? பாவசங்கீர்த்தனத்துக்கு மனஸ்தாபமும், இனிச் செய்யேன் என்னும் பிரதிக்கினையும், அபராதந் தீர்த்தலும் வேண்டுமெனச் சிறுவயதில் ஞானோபதேசம் படித்தோம். சர்வேசுரனிடத்தில் மன்னிப்புக் கேட்குங்கால் வேண்டிய இவை, அடுத்த தெருவினனிடத்தில் கேட்குங்கால் வேண்டாவோ? தெருவைத் திறவாமலே மன்னிப்பை எதிர்பார்ப்பது எவ்வகை ஞானமோ, யாமறியோம்.

எம் வாய்க்கால் வழக்குக்கு வருவோம். மன்னிக்க வேண்டியவர் யாமே என்று ஆறு வருஷம் பெருமையாய் இருந்தோம். இவ்வுபந்நியாசத்தை எழுத உட்கார்ந்தபோதுதான், முதலில் மடையை அடைத்தவன் எம் ஆள் என்பதை எமக்கு நாமே ஒப்புக்கொண்டோம். சென்ற சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். அவர் உட்காரச் சொல்லவில்லை. திண்ணையோரம் நின்று, அடைத்தது எம் குற்றம் என்று சொன்னோம். அவர் பதிலொன்றும் பேசவில்லை. திரும்பிவரும் வழியில் மடையைத் திறந்துவிட்டு வந்தோம்.