பழ ஈக் கணக்கு பிசகும் இடங்கள்

பழ ஈக்களைக் கலந்து மரபுப் பண்புகளை எண்ணும் மாணவர் சோதனையில் முதல் பிழை பெரும்பாலும் பெண் ஈயிடமிருந்தே வருகிறது. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ, 25 டிகிரி செல்சியஸில் சுமார் 8 மணி நேரம் இணைசேராது. அதற்குள் பிரிக்காவிட்டால், வேறோர் ஆணின் விந்தை உடலில் சேமித்து, அதன் வாரிசுகளைப் பெருக்கிவிடும். புது ஈ வெளுத்திருக்கும். வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். அதுவே நம்பத்தக்க அடையாளம்.

மலேசியாவின் கேமரன் மலையில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. அங்கே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தானா ராத்தா நகரம் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும். 18 டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெண் ஈயைப் பிரிக்கும் கெடுவும் 16 மணி நேரமாக நீளும், அது மட்டும் லாபம். சமவெளி அட்டவணைப்படி அவசரமாக எண்ணினால், மெல்ல வளரும் திரிபு ஈக்கள் (மரபுப் பண்பு மாறியவை) விடுபட்டு, இயல்பான ஈக்களுக்கும் அவற்றுக்கும் இடையே எதிர்பார்க்கும் 3:1 விகிதம் சாயும். குளிருக்கு அஞ்சிக் குப்பியை விளக்கடியில் வைப்பது அதைவிட மோசம்: 30 டிகிரியை எட்டினால் குறுஞ்சிறகு ஈயின் சிறகு நீண்டு, இயல்பான ஈயாகத் தோன்றத் தொடங்கும்.

பெற்றோர் ஈக்களை அகற்ற மறந்தால் தலைமுறைகள் கலக்கும். பஞ்சடைப்பு தளர்ந்தால் அடுப்படி வாழைப்பழத்து ஈ உள்ளே நுழையும். ஈக்களை மயக்கும் ஈதர் மிகுந்தால் ஈக்கள் சிறகு விரித்துச் சாகும்.

இவை எதுவும் நேராவிட்டாலும், 40 ஈக்களில் பத்துக்குப் பதில் ஏழோ பதின்மூன்றோ திரிபு ஈக்கள் வருவது தற்செயலே. இத்தகைய விலகல் தற்செயலா என்பதைத்தான் கை-வர்க்கச் சோதனை (chi-square) அளக்கிறது.