சுசான் வலாதோன்: கோடும் உடலும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியம் கற்க விரும்பிய பெண்களுக்குப் பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை கதவடைத்திருந்தது; பெண்களைச் சேர்த்துக்கொண்ட தனியார் பயிலகங்களோ கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கே எட்டின. இவ்விரண்டிலும் கால்வைக்காத சுசான் வலாதோன் (1865–1938) பயின்ற இடம் ஓவியக்கூடங்களில் மாடல் நிற்கும் மேடையாகும். மாடல் என்பவர், ஓவியர் பார்த்து வரைவதற்காகக் கூலி பெற்று மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்பவர் அல்லது அமர்பவர். வலாதோன் அம்மேடையில் கழித்த ஆண்டுகளைச் சுவையான செய்தியாக மட்டும் சொல்லிக் கடப்பவர்கள் பலர். அவற்றையே அவரது கலைக்கல்வியாகக் கொள்ளாதவரை அவருடைய படங்கள் பிடிபடுவதில்லை.

லிமோஜ் நகருக்கு வடக்கிலுள்ள பெசின் என்னும் ஊரில், தந்தை பெயர் அறியப்படாத குழந்தையாக, மரி-கிளெமான்தின் என்ற பெயருடன் பிறந்த அவர், பிழைப்புத் தேடிச் சென்ற தாயுடன் பாரிஸின் மொன்மார்த்ர் குன்றை அடைந்து, சிறுவயதிலேயே கூலி வேலைகள் செய்து, சர்க்கஸிலும் சேர்ந்து, அங்கே விழுந்து அடிபட்டபின் மாடலானார். ஓவியர் ரெனுவார் 1883இல் தீட்டிய ‘புகிவால் நடனம்’, ‘நகரத்து நடனம்’ ஆகிய இரண்டிலும் ஆடுபவர் அவரே. அதே ஆண்டில் அவர் பாஸ்டல் எனப்படும் உலர்வண்ணக் கோல்களால் தம்மைத் தாமே வரைந்த படத்தை அவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால், ரெனுவாரிடம் கனிந்து குழையும் முகம் இங்கே இறுகிய வாயும் விலகாத பார்வையுமாக மாறியிருப்பது தெரியும். 18 வயதுப் பெண்ணொருவர் தம்மை அழகாகக் காட்டிக்கொள்ள அதில் ஒரு கோட்டைக்கூடச் செலவழிக்கவில்லை. ‘சுசான்’ என்ற பெயரை ஓவியர் துலூஸ்-லொத்ரெக் சூட்டியதாகக் கூறுவர். குளிக்கும்போது முதியவர்களால் ஒளிந்து பார்க்கப்பட்ட விவிலிய மரபுக்கதைப் பெண்ணின் பெயர் அது.

அவருடைய கோட்டின் வலிமையை முதலில் உணர்ந்து, ஓவியங்களை விலைகொடுத்து வாங்கியவர்களுள் தலையானவர் ஓவியர் எட்கர் டெகா. மென்பூச்சு அச்சுமுறையை வலாதோன் கற்றதும் அவரிடமே. செப்புத் தகட்டின்மேல் கொழுப்பு கலந்த மென்மையான பூச்சிட்டு, அதன்மீது தாளை விரித்துப் பென்சிலால் வரைந்தால், அழுந்திய இடங்களில் பூச்சு தாளோடு ஒட்டி வந்துவிடும். பிறகு தகட்டை அமிலத்தில் இட, பூச்சு நீங்கிய கோடுகள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகி மையை ஏற்கும். திருத்தத்துக்கு அதிகம் இடந்தராத இம்முறை, உடலின் புறவரையைத் தயங்காமல் ஒரே இழுப்பில் சுற்றிவரும் அவர் கைக்கு நன்கு பொருந்தியது. தொட்டியில் இறங்கக் குனிபவள், துணியால் உடல் துவட்டுபவள், சிறுமிக்கு உதவும் கிழவி என அவர் வரைந்த உருவங்களில் முதுகின் வளைவும் முழங்காலின் பாரமும் பொய்யின்றி இருப்பதற்கு, அப்பாரத்தைத் தம் உடலிலேயே சுமந்து நின்ற அனுபவமே காரணம் எனக் கருத இடமுண்டு.

1896இல் ஒரு செல்வரை மணந்ததால் கிடைத்த வசதியைவிட, 1909இல் தம்மினும் இருபது வயதுக்கு மேல் இளையவரும் தம் மகன் மொரிஸ் உத்ரில்லோவின் நண்பருமான அந்திரே உத்தேருடன் ஏற்பட்ட உறவே அவரது வண்ண ஓவியத்துக்கு வேகம் தந்தது. அவ்வாண்டின் ‘ஆதாமும் ஏவாளும்’ ஓவியத்தில் இருவரும் ஆடையின்றி நிற்கின்றனர். பின்னாளில் பொதுக்காட்சிக்கு வந்தபோது ஆதாமின் இடையில் மட்டும் இலைகள் தீட்டப்பட்டன. ஏவாள் அப்படியே விடப்பட்டாள். பெண்ணுடலை ஆண் வரைவதில் குறைகாணாத சமூகம், ஆணுடலைப் பெண் வரைந்தபோது கூசியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மகன் உத்ரில்லோ குடிப்பழக்கத்தால் நலிந்தபோது, அதிலிருந்து மீட்கும் வழியாக அவர் கையில் தூரிகையைக் கொடுத்தவரும் வலாதோனே. மகன் தீட்டிய மொன்மார்த்ர் தெருக்கள் பெரும்புகழ் பெற்றதால் தாயின் பெயர் நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

1923இல் அவர் தீட்டிய ‘நீல அறை’யில், ஒடாலிஸ்க் மரபு, அதாவது அந்தப்புரப் பெண்ணைப் படுக்கையில் சாய்த்துக் காட்டும் ஐரோப்பிய ஓவிய வழக்கம், உள்ளிருந்தே மாற்றப்படுகிறது. சாய்ந்திருப்பவள் பருத்த உடலினள். கோடிட்ட பைஜாமா அணிந்து, வாயில் சிகரெட்டும் கட்டிலில் புத்தகங்களுமாக, யாரையும் ஏறிட்டுப் பாராமல் தன் நினைவில் இருக்கிறாள். 65 வயதையொட்டி, 1931இல், திறந்த மார்புடன் தம்மையே மீண்டும் வரைந்த வலாதோனின் முகத்தில் 1883இன் அதே இறுகிய வாய் இருக்கிறது.