வாய்க்கால் வேறு, வடிகால் வேறு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"வெள்ளமும் பொறியியலும்" என்று ஏதாவது பேசுங்கள் என்றார் நம் செயலாளர். இந்த மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் கட்டிய பாலத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் தப்பாகக் கட்டிய ஒரு சின்னப் பாலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

என் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர். நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் அந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு தண்ணீர் போகும். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்த மறுகால் தண்ணீர் போகும் வழிதான் வடிகால்.

2010-ல் இந்தக் கல்லூரியில் சிவில் முடித்தேன். 2014-ல் ஊர்க் கூட்டத்தில், வாழைத்தோப்புக்குப் போகும் மண் பாதையை மேடாக்கி ரோடாகப் போடவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். லாரி உள்ளே வந்தால் தார் ஏற்ற வசதி. எங்கள் வீட்டுத் தோப்பும் அந்தப் பக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம இஞ்சினியர் தம்பி இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு?" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பாதையில் ஓர் ஓடை குறுக்கே வரும். அதன்மேல் மூன்று கண் வைத்த பழைய கல்பாலம். இரண்டு கண் இடிந்து, முள்ளடைத்துக் கிடந்தது. நான் அளந்து பார்த்தேன். அந்த ஓடைக்கு வடிகிற நிலம் சுமார் 100 ஏக்கர். ஒரு நாளைக்கு 15 சென்டிமீட்டர் மழை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 2 அடி விட்டமுள்ள ஒரு ஹியூம் பைப் போதும் என்று விடை வந்தது. கல்பாலத்தை எடுத்துவிட்டுக் குழாயைப் பதித்து, மேலே 4 அடி உயரத்துக்கு மண் அடித்து, கான்கிரீட் போட்டாயிற்று.

வேலை நடக்கும்போது, குளத்து மடை பார்க்கும் தாத்தா ஒருவர் வந்து நின்றார்.

"எய்யா, மூணு கண்ணு இருந்த எடத்துல ஒத்தக் குழாயா?"

"கணக்குப் பார்த்துத்தான் தாத்தா போட்டிருக்கேன். இந்த வாய்க்காலுக்கு இது போதும்."

"இது வாய்க்கா இல்லய்யா, வடிகா. வாய்க்காத் தண்ணி நாம தொறந்தாத்தான் வரும். வடிகாத் தண்ணி நம்மளக் கேட்டுக்கிட்டு வராது. மறுகா பாஞ்சா என்ன செய்வ?"

மறுகால் பாய்ந்ததை நான் விவரம் தெரிந்து பார்த்ததே இல்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. தாத்தா 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர். நான் அப்போது கைக்குழந்தைக்குச் சற்று மேலே. சிரித்துக்கொண்டே தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்தது பெயர் வைத்த புயல் அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு மேலடுக்குச் சுழற்சி. ஆனால் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. "அணையைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளம்" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அணையிலிருந்து வந்த தண்ணீரும் உண்டுதான். ஆனால் பாபநாசமும் மணிமுத்தாறும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. இந்த மழையில் பெரும்பங்கு அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டியது. அதைத் தேக்கி நிறுத்த எந்த அணையும் இல்லை. அன்றிரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் - சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துவிட்டது. தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது பக்கத்துப் புதுக்குடி மக்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

நான் அப்போது கோயம்புத்தூரில். இரவு ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தார். "கீழத்தெருவுல தண்ணி ஏறுது. நம்ம வீட்டுக்கு வரல." அதோடு லைன் போய்விட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேச முடியவில்லை. திருநெல்வேலி வரை வந்து, பிறகு லாரியிலும் டிராக்டரிலும், மீதி நடந்துமாக 20-ஆம் தேதி ஊர் போய்ச் சேர்ந்தேன்.

தம்பிகளே, என் ரோடு அப்படியே நின்றது. ஒரு விரிசல் இல்லை. அதுதான் பிரச்சினை. ரோட்டுக்குக் கிழக்கே சுவரில் தண்ணீர் நின்ற தடம் ஒன்றரை அடி. மேற்கே, கீழத்தெரு வீடுகளின் சுவரில் நாலரை அடி. நடுவில் இருந்தது என் ரோடு ஒன்றுதான். நான் போட்டது ரோடு அல்ல, கரை. பதினான்கு வீடுகள். எல்லாம் எங்கள் தோப்புகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். ஆறு வீடுகள் மண்சுவர். இருந்த இடம் தெரியவில்லை. ஆடுகள் போயின, பிள்ளைகளின் புத்தகங்கள் போயின. உயிர்ச்சேதம் இல்லாததற்குக் காரணம் நான் அல்ல. விடியற்காலையில் அந்தத் தாத்தா இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய், "மூணு கண்ணு இருந்த எடத்துல வெட்டுங்கலே" என்று கைகாட்டியிருக்கிறார். இருட்டில், ரோட்டுக்கு மேலும் தண்ணீர் ஓடும்போது, அந்த இடம் அவருக்குத்தான் தெரிந்தது. கடப்பாரையால் உடைத்து வெட்டிவிட்ட மூன்று மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். 62 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கருக்கு 25 லட்சம் லிட்டர். 100 ஏக்கருக்கு 25 கோடி. நாள் முழுக்கச் சீராகப் பெய்ததாக வைத்தாலே நொடிக்கு 100 கன அடி. நான் வைத்த குழாய் கடத்தக்கூடியது ஏறக்குறைய 20. குளத்து மறுகாலை இதில் இன்னும் சேர்க்கவில்லை. என் பெருக்கலில் தப்பு இல்லை. எதைப் பெருக்கவேண்டும் என்பதில்தான் தப்பு. அந்த விடை மூன்று கண்ணாகக் கண்ணெதிரே நின்றது. நான் அதை இடித்துவிட்டுக் கணக்குப் போட்டேன்.

மறுநாள் தாத்தாவைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வாரோ என்று பயம். "சாப்பிட்டியா எய்யா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எத்தன கண்ணு வைக்கப் போற?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2024 கோடையில் அந்த இடத்தில் மூன்று பெரிய கண் வைத்துக் கட்டினோம். அதோடு ரோட்டை ஓரிடத்தில் தாழ்த்தித் தாம்போதியாக விட்டோம். மூன்று கண்ணுக்கும் அடங்காத தண்ணீர் வந்தால், வீடுகளுக்குள் போகாமல் ரோட்டுக்கு மேலே ஏறிப் போகட்டும். அன்றைக்கு லாரி நிற்கட்டும். செலவில் என் பங்கைக் கொடுத்தேன். ஆனால் இடிந்த ஆறு வீட்டுக்காரர்களிடம் இதுதான் நடந்தது என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு அக்கா மட்டும், "அப்பமே அந்தத் தாத்தா சொன்னாருல்லா" என்றார். பதில் இல்லை.

மாணவர்களுக்கு மூன்றே விஷயம். முதலாவது, ஓர் ஓடையில் கைவைக்கும் முன் அந்த ஊரில் மூத்தவரைத் தேடிப் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். இரண்டாவது, பழைய கட்டுமானத்தை இடிக்கும் முன் அதை அளந்து எழுதுங்கள். மூன்றாவது, உங்கள் கணக்கை மீறித் தண்ணீர் வந்தால் அது யார் வீட்டுக்குள் போகும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2023 வெள்ளத் தடத்தை வெள்ளையடித்து மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சில வருடங்களில் சுவரிலும் இருக்காது, ஞாபகத்திலும் இருக்காது. விடுமுறையில் மாணவர்கள் லெவல் கருவியோடு போய், ஊர் ஊராக அந்தத் தடங்களையும் ஓடைப் பாலங்களின் கண்களையும் அளந்து, அந்தந்த ஊராட்சியிடம் எழுதிக் கொடுக்கட்டும். கருவிக்கும் பஸ் செலவுக்கும் நாம் பொறுப்பேற்போம். முதல் ஊராக என் ஊருக்கு வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். கணக்கு மட்டும் தாத்தாவிடம்.