திண்ணைக்கு வெளியே நின்ற பிள்ளைகள்



அலையாத்திக் காட்டை ஒட்டிய முத்துப்பேட்டையில் இப்படியொரு கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது பெரும் பேறு. அவையில் அமர்ந்திருப்பவர்களின் படிப்பை எண்ணினால் உள்ளூர ஒரு நடுக்கமும் வரத்தான் செய்யும். கல்வியில் காலனிய நீக்கம், தொல்குடிகளின் காயம் ஆற்றுதல் என்பது கருத்தரங்கின் பொருள். மெக்காலே முதல் இன்றுவரையிலான கதையை இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. உறைவிடப் பள்ளிகள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமையை விசாரித்த கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் முன்வைத்த 94 பரிந்துரைகளை அடுத்து வரும் அமர்வுகள் அலசும்.

இங்கே பேசியாக வேண்டியது வேறொன்று. காலனிய நீக்கம் என்றதும் நம்மில் பலர் திண்ணைப் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறோம். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆய்வாளர் தரம்பால் 1983இல் அந்த ஆவணங்களை நூலாக்கினார். தமிழ் மாவட்டங்களில் சூத்திரரும் பிற சாதியாருமே மாணவர்களில் 70 முதல் 84 விழுக்காடு என்று காட்டினார். வெள்ளையர் வந்துதான் எழுத்தறிவு தந்தார்கள் என்ற கட்டுக்கதையை உடைத்த பெரும்பணி அது. அதில் இரண்டு கருத்தில்லை.

ஆனால் அந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் நாடோடிகளுக்கென்று ஓர் இடமில்லை. நெல் அளவை வாய்ப்பாடான நெல்லிலக்கத்தை, ஆழாக்கு முதல் கலம் வரை தலைகீழாக ஒப்பித்த பிள்ளை இந்தக் காவிரிப் படுகையில் யார் வீட்டுப் பிள்ளை? கூலி நெல்லை முந்தியில் ஏந்தியவளின் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடிந்ததா? திண்ணையைப் பொற்காலம் என்று எழுதிய நண்பர்கள் மேல் மதிப்பு குறையவில்லை. இந்தக் கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

அந்த நாடோடிகளின் கதைக்கு நம் ஆய்வாளர்கள் அதிகம் புரட்டாத மூலம் ஒன்று உண்டு: மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட, சென்னை மாகாணக் குற்றப்பரம்பரைச் சட்டம் பற்றிய நூல். கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் மாட்டின் மேல் ஏற்றி வணிகம் செய்த குறவர்களை ரயிலும் உப்புச் சட்டமும் வனச் சட்டமும் எப்படி வழியற்றவர்களாக்கின என்று அது விளக்குகிறது. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் இங்கும் நீண்டது. வணிகர்கள் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் ஏறினார்கள். வேதாரண்யம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் இருப்பது நமக்கு அழகல்ல.

சட்டம் 1952இல் நாடு முழுவதும் போயிற்று. பார்வை போகவில்லை.

சுனாமிக்குப் பின், நிவாரணப் பட்டியலில் இடம்பெறாமல் பிச்சையெடுத்துத் திரிந்த பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம் அருகே சிக்கலில் பிரேமா ரேவதி 2005இல் வானவில் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்து மேலே போகும் பிள்ளையையும் ஒரு தாள் மறிக்கிறது: சாதிச் சான்றிதழ். பூம்பூம் மாட்டுக்காரர் கேட்பது ஆதியன் என்ற பெயரில். அந்தப் பெயர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் தாங்கள்தாம் ஆதியன் என்று மெய்ப்பிக்க அவர்கள் அலைய வேண்டியிருக்கிறது. நரிக்குறவரைப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஒருவர் பழங்குடியா என்று தீர்மானிக்க இன்னும் எதைப் புரட்டுகிறார்கள்? மூக்கையும் மண்டையையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் நீதிமன்றம் வரை மேற்கோளாக வருகின்றன. 1965இன் லோக்கூர் குழு வகுத்த அளவுகோல்களில் 'பிறரிடம் பழகக் கூச்சம்' என்பதும் ஒன்று. பள்ளிக்கூடம் போய்க் கூச்சம் தெளிந்த பிள்ளை அதனாலேயே பழங்குடி அல்லாமல் ஆகிவிடுமா? பழக்கவழக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இன ஒப்புமைச் சோதனை உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு அரசியல் சட்டத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே பெருமதிப்பு தருகிறது. ஊர் ஊராகப் போனவர்களுக்கு அப்படிப்பட்ட ஆவணம் ஏது? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் காவல் நிலையப் பதிவேடுதான்.

பாடத்திட்டத்தைத் திருத்துவோம், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளைக்கு அந்த மொழியிலேயே முதல் வகுப்பைத் தொடங்குவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. அதற்கும் முன்னால், தர்ஸ்டனையும் லோக்கூர் அளவுகோலையும் தள்ளிவைத்து, அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களின் வாய்மொழியைச் சான்றாக ஏற்கும்படி கோரும் தீர்மானம் இக்கருத்தரங்கில் நிறைவேற வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர், மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகங்களுக்கு அது இந்த வாரமே போய்ச் சேர வேண்டும். அதை முன்மொழிந்து முதல் அமர்வு தொடங்கட்டும்.