பல்ஜ் இருக்கு, பயம்தான் அதிகம்: முதுகு வலிக்கு ஒரு வகுப்பு

இன்னிக்கு கோடிங் பத்தி இல்ல. முதுகு பத்தி. ஹெட்ஃபோன் மாட்டிட்டு உட்கார்ந்து கேக்கறீங்கன்னா, எழுந்து நடந்துகிட்டே கேளுங்க.

எனக்கு 26 வயசுல அடிமுதுகு வலி ஆரம்பிச்சுது. வொர்க் ஃப்ரம் ஹோம், டைனிங் டேபிள், பிளாஸ்டிக் சேர். ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு விட்டேன். நாலு மாசம் ஆச்சு. எம்.ஆர்.ஐ. எடுத்தா ரிப்போர்ட்ல 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்'னு ஒரு வரி. அதைப் பார்த்த டாக்டர், "இந்த வயசுலயே தேய்மானமா? குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க"ன்னு சொல்லி ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தாரு. மூணு நிமிஷம்தான் பேசினாரு. அந்த மூணு நிமிஷம் என் ஒரு வருஷத்தை எடுத்துக்கிச்சு.

வீட்ல தண்ணி கேனை அம்மா தூக்குவாங்க, நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அக்கா பையன் "தூக்கு மாமா"ன்னு கையை நீட்டினா, ஃபோன்ல கார்ட்டூன் போட்டுக் கொடுத்து சமாளிப்பேன். வலியை விட, உள்ள ஏதோ உடைஞ்சிருக்குங்கற நினைப்புதான் என்னை முடக்கி வெச்சுது.

அப்புறம்தான் ஒரு விஷயம் படிச்சேன். 2015ல வெளியான ஒரு ஆய்வு, வலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கு. 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். திரும்பச் சொல்றேன், இவங்க யாருக்கும் முதுகு வலி கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, லாக்ல நூறு வார்னிங் கிடக்கும். சர்வர் படுத்ததுக்கு அதுல ஒண்ணுதான் காரணம்னு அவசியம் இல்ல.

இதைத்தான் டென்மார்க்ல வகுப்பு வெச்சே சொல்லிக் கொடுக்கறாங்க. 'கிளாட் பேக்'னு பேரு. அந்த ஊர் பாஷையில 'கிளாட்'னா சந்தோஷம். முதல்ல 2013ல மூட்டுத் தேய்மானத்துக்குன்னு 'கிளாட்' வந்துச்சு. அதே பாணியில தெற்கு டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல முதுகுக்கும் கொண்டு வந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்ல, ஏரியா கிளினிக்லயே பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்டோ கைரோபிராக்டரோ நடத்துவாங்க. ரெண்டு பாட வகுப்பு, 16 உடற்பயிற்சி வகுப்பு. வாரம் ரெண்டு தடவை, எட்டு வாரம், குரூப்பா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் பாட வகுப்புதான். முதுகெலும்பு சும்மா உடைஞ்சு போற சாமான் இல்ல, நல்ல உறுதியானது, அசைஞ்சாத்தான் அதுக்கு நல்லதுன்னு அங்க விளக்கறாங்க. தெருவுல சில கார் இருக்கும் பாருங்க, பூனை ஏறினாலே அலாரம் கத்தும். மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற வலி பல பேருக்கு அந்த மாதிரி. வலி நிஜம், 'எல்லாம் உன் மனசுலதான்'னு யாரும் சொல்லல. ஆனா வலிச்சா உள்ள ஏதோ கெட்டுப்போகுதுன்னு அர்த்தம் இல்ல.

இதை வாயால மட்டும் சொன்னா யார் நம்புவா? நான் நம்பியிருக்க மாட்டேன். அதனாலதான் பாடத்தோட பயிற்சியும் சேர்ந்தே வருது. 'குனிஞ்சா ஒண்ணும் ஆகாது'ன்னு கேட்டுட்டு, அதே வாரம் இன்னும் பத்து பேரோட சேர்ந்து நீங்களும் குனியறீங்க. ஒண்ணும் ஆகல. பக்கத்துல ஒரு அறுபது வயசு அம்மா உங்களை விட நல்லா குனியறாங்க. வெட்கமாவும் இருக்கும், தைரியமாவும் இருக்கும்.

அதுக்காக இது மேஜிக் கிடையாது. பிரிட்டன்ல 1334 பேரை வெச்சு நடந்த ஒரு பெரிய சோதனையோட முடிவு 2004ல வந்துச்சு. உடற்பயிற்சி வகுப்புக்குப் போனவங்களுக்கு மூணாவது மாசம் சின்ன முன்னேற்றம்தான், ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா அதுவும் தெரியல. நம்ம ஜிம் மெம்பர்ஷிப் கதைதான். என்னைக் கேட்டா, வகுப்பு முடிஞ்ச மறுநாள் வீட்ல என்ன நடக்குதுங்கறதுதான் கேள்வி. அங்கதான் அந்தப் பாடம் உதவும், ஏன் செய்யறோம்னு புரிஞ்சவங்க விடாம செய்ய வாய்ப்பு அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட அடிமுதுகு வலிக்குன்னு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. அதுல நோயாளிக்கு விளக்கம், உடற்பயிற்சி ரெண்டும் பரிந்துரையில இருக்கு. இடுப்பு பெல்ட், வழக்கமா தர வேண்டாம்ங்கற பட்டியல்ல இருக்கு. என் பெல்ட் இன்னும் பீரோ மேல கிடக்கு.

ஒரு முக்கியமான விஷயம். கால் பலம் குறைஞ்சுட்டே போகுது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டுல இல்ல, தொடை இடுக்குல மரத்துப்போகுது, காய்ச்சல், காரணமே இல்லாம எடை குறையுது, அடிபட்டதுக்கு அப்புறம் வந்த வலி, இல்ல முன்னாடி கேன்சர் இருந்திருக்குன்னா, இந்த எபிசோடை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க.

நம்ம ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, தேவைப்படறவங்க வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கறாங்க. ரொம்ப நல்ல விஷயம். என் ஆசை இன்னும் கொஞ்சம் சின்னது. வார்டு பூங்காவுல வாரம் ரெண்டு நாள், ஒரு பிசியோதெரபிஸ்ட், பதினஞ்சு பாய். காலையில வாக்கிங் கூட்டம் ஏற்கெனவே அங்கதான் இருக்கு.

எனக்கு அப்படி ஒரு குரூப் கிடைக்கல. ஒரு பிசியோதெரபிஸ்ட் பொறுமையா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாங்க, அப்புறம் அபார்ட்மென்ட்ல நாலு பேர் சேர்ந்தோம். வலி முழுசா போயிடுச்சான்னா, இல்ல. மாசத்துல ரெண்டு நாள் எட்டிப் பார்க்கும். அன்னிக்கும் மொட்டை மாடிக்குப் போறேன், கொஞ்சம் மெதுவா. தண்ணி கேன் இப்போ என் டிபார்ட்மென்ட். அம்மாதான் இன்னும், "பார்த்துடா, பார்த்து"ன்னு பின்னாடியே வர்றாங்க.

உங்க ஏரியாவுல யாராவது இப்படி வகுப்பு நடத்தறாங்கன்னா எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல சொல்றேன். வர்றேன் மக்களே.