வலியின்றி மங்கும் விழிகள்

(ரமணாசிரமம் பகுதி மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி மகிழ்ச்சியின் நடுவே நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வெளியே சொல்லக் கூசும் நோயைப் பற்றி ஊர் கூடியுள்ள இடத்தில்தான் பேசியாக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் கண்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள், நமக்கு அருகிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் சோதிக்கப்பட்டன. எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணுக்குள் நேரும் கேட்டைப் பற்றிய நம் நாட்டின் முதல் அறிக்கையைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 1995-இல் வெளியிட்டார்கள்.

கேடு எப்படி வருகிறது? சைட்டோமெகலோ என்னும் வைரஸ் நம்மில் பலரது உடலில் அடங்கிக் கிடக்கிறது. உடலின் காவலர்களான சி.டி.4 அணுக்கள் 50-க்கும் கீழே குறைந்துவிட்டால், அது விழித்திரையை அரிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் கண் சிவக்காது, வலியும் இராது. அதனால்தான் பலர் காலம் கடந்து வருகிறார்கள். அழிந்த விழித்திரை மீண்டும் வளர்வதில்லை.

நமது தெருக்களிலிருந்து மலை நன்றாகத் தெரிகிறதல்லவா? ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் அதைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். மலையின் ஒரு பகுதி மறைந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் போல் ஒளி வெட்டினாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஆனால் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். ஆகவே சி.டி.4 மிகவும் குறைந்தவர்கள், பார்வை நன்றாயிருந்தாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கி கண்டால், அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அது கண்ணையே பறிக்கக்கூடும். காசநோய்க்கு எதாம்புட்டால் மாத்திரை உண்பவர்களுக்குப் பார்வை மங்கினாலோ, நிறம் வெளிறித் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பயப்படத் தேவையில்லை. விழித்திரை நோயைத் தடுத்து நிறுத்தக் கான்சிக்ளோவிர் போன்ற மருந்துகள் உண்டு. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக வழங்கி வருகிறது. அதை ஒருநாளும் தவறாமல் உண்பதே கண்ணுக்கும் முதற்காவல். உடல் தேறும் வேளையிலும் சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி வரலாம். ஆகையால் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. கண் மருத்துவரிடம் எச்.ஐ.வி. இருப்பதை மறைக்காதீர்கள். அதை அறியாத மருத்துவர், சாதாரணக் கண் மங்கல் என்று கருதிவிட நேரும். உங்கள் இரகசியத்தைக் காக்கவும், சிகிச்சை மறுக்கப்படுவதைத் தடுக்கவும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. ஆலோசனைக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு.

சட்டம் செய்ய முடியாததை நாம் செய்யலாம். அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சியே ஒருவர் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கிறார். அந்த அண்டை வீட்டார் நாம்தானே! நம் நாக்கைச் சற்றே அடக்கினால், ஒருவரின் கண் பிழைக்கும்.